உழுபவன் பெயரும் நிலச் சட்டமும்

பழைய நிலச் சட்டம் புதிய பொருளாதாரத்திற்கு ஏற்குமா? கொல்கத்தாவில் பயிலும் நமக்கு இவ்வினாவின் விடை தொலைவில் இல்லை. அண்டையிலுள்ள ஹூக்ளி மாவட்டத்துச் சிங்கூரிலேயே அதனைக் காணலாம் என்பது என் கருத்து.

முதலில் சிறிது வரலாறு. 1793-இல் காரன்வாலிஸ் பிரபு வங்கத்தில் நிலையான நிலவரித் திட்டத்தைப் புகுத்தினார். வரி தண்டிய ஜமீன்தார் நிலத்திற்கு உடையவரானார். உழுதவன் உரிமை நலிந்தது. ஜமீன் முறையை ஒழிக்கும் சட்டம் மேற்கு வங்கத்தில் 1953-இல் பிறந்தது. ஆயினும், வாரத்திற்குப் பயிரிடும் பர்காதார்களில் மிகப் பலரின் பெயர் அரசாங்க ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் இல்லாதவனை நிலத்திலிருந்து விரட்டுவது எளிதன்றோ?

இக்குறையைப் போக்க 1978-இல் ‘ஆபரேஷன் பர்கா’ தொடங்கிற்று. அலுவலர்கள் சிற்றூர்களுக்கே சென்று, மக்களைக் கூட்டி, உழுவோர் பெயர்களைப் பதிந்தனர். நாளடைவில் ஏறத்தாழ 14 இலட்சம் பெயர்கள் ஏறின. ஏர், விதை, எரு ஆகியவற்றைத் தாமே இடும் பர்காதாருக்கு விளைவில் முக்கால் பங்கு என்பது சட்டம். பெயர் பதிந்தவர் அதனைத் துணிந்து கேட்க முடிந்தது.

இனிச் சிங்கூருக்கு வருவோம். 2006-இல் டாட்டா மோட்டார்ஸ் கார்த் தொழிற்சாலைக்காக அங்கே ஏறத்தாழ 997 ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. அதற்குக் கருவியான சட்டமோ 1894-ஆம் ஆண்டினது! உடையவரின் இசைவு அச்சட்டத்திற்குத் தேவையில்லை. பதிவுபெற்ற பர்காதாருக்கு நிலவிலையில் கால் பங்களவு தொகை வகுக்கப்பட்டது. பதிவில்லாதவருக்கு முதலில் ஒன்றுமில்லை. கிளர்ச்சி மூண்டது. 2008-இல் தொழிற்சாலை குஜராத்தின் சானந்துக்குப் பெயர்ந்தது. 2016 ஆகஸ்டு 31-இல் உச்சநீதிமன்றம் நிலமெடுப்பை நீக்கி, நிலத்தைத் திருப்பித் தர ஆணையிட்டது. தொழிலும் இல்லை, பத்தாண்டு விளைவும் இல்லை.

உழவர் இசைவைக் கேட்டு நின்றால் தொழில் வளராது என்பார் உளர். கேளாமையால் வந்த தாமதத்திற்குச் சிங்கூரே சான்று. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் திட்டங்களுக்கு நிலவுடையோருள் நூற்றுக்கு 80 பேர் இசைவு வேண்டும் என்றது; வாரதாரரையும் உழவுக் கூலிகளையும் பாதிக்கப்பட்டோராக ஏற்றது. இது நல்ல திருத்தமே. எனினும், வாரதாரர் யார் என்று காட்ட ஏட்டில் பெயர் வேண்டும்.

நம் தமிழகத்திலும் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது, நம் வயலை உழுபவர் பெயர் ஏட்டில் உள்ளதா என்று கேட்டறிவோம். சீர்திருத்தம் அக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.