குதிரையின் பிடரி ஏன் வெளுக்கிறது?

இரண்டு குதிரைகளை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்று பொன்னிறம், மற்றொன்று செம்பழுப்பு. இரண்டுக்குமே பிடரி மயிரும் வாலும் வெளுத்திருக்கின்றன. இரண்டும் ஒரே காரணத்தால் வெளுத்தனவா? இல்லை, நேர் எதிரான காரணங்களால்! எப்படி என்று பார்ப்போம்.

குதிரை மயிரின் அடிப்படை நிறமிகள் இரண்டே: கறுப்பு, சிவப்பு. மயிரில் கறுப்பு நிறமி உண்டாவதை ஒரு மரபணு தீர்மானிக்கிறது. ஒவ்வொரு மரபணுவும் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரு படிகளாக வரும் அல்லவா? இங்கே இரு படிகளும் ஒடுங்கு வடிவமாக அமைந்தால், மயிரில் கறுப்பு தோன்றாது, குதிரை செந்நிறமாகும். இந்த மரபணு மாற்றம் 1996-இல் கண்டறியப்பட்டது.

கறுப்பு உண்டானால், அது எங்கே இருக்க வேண்டும்? அதைத் தீர்மானிப்பது 'அகூட்டி' என்னும் இரண்டாவது மரபணு. இதன் ஓங்கு வடிவம் கறுப்பைப் பிடரி, வால், கால்களின் கீழ்ப்பகுதி, காதோரம் ஆகிய இடங்களுக்கு ஒதுக்கிவிடும். உடல் செம்பழுப்பாகும்.

இனி நம் புதிருக்கு வருவோம். 'கிரீம்' என்னும் மரபணு மாற்றம் ஒரு படி மட்டும் இருந்தால், சிவப்பு நிறமியையே பெரிதும் வெளுக்கச் செய்கிறது. செந்நிறக் குதிரையின் உடல் பொன்னிறமாகிறது. பிடரியும் வாலும் ஏறக்குறைய வெண்மையாகின்றன. இதுவே 'பாலோமினோ'. 'சில்வர்' மாற்றமோ கறுப்பு நிறமியை மட்டுமே வெளுக்கச் செய்கிறது. எனவே செம்பழுப்புக் குதிரையில் உடல் மாறாது. கறுத்த பிடரியும் வாலும் வெளுக்கின்றன.

இரண்டு பாலோமினோக்களை இணைத்தால் என்ன ஆகும்? இரண்டு நாணயங்களைச் சுண்டும் கணக்கேதான். சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று செந்நிறம், இரண்டு பாலோமினோ, ஒன்று இரு கிரீம் படிகள் கொண்ட வெளிர்நிற 'கிரெமெல்லோ'.

சில்வரின் கதை இவ்வளவு எளிதன்று. இம்மாற்றம் கண்ணையும் தாக்குகிறது. ஒரு படி இருந்தால் கண்ணில் சிறு நீர்க்கட்டிகள் தோன்றலாம். இரு படிகள் இருந்தால் குறை கடுமையாகிப் பார்வையும் கெடலாம். செந்நிறக் குதிரையில் வெளுப்பதற்குக் கறுப்பு மயிரே இல்லையே! ஆகவே அதனிடம் சில்வர் இருந்தாலும் வெளியே தெரியாது. ஒரு படியை இவ்வாறு மறைத்து வைத்திருக்கும் செந்நிறத் தாயை, ஒரு படி உடைய சில்வர் தந்தையோடு இணைத்தால், ஒவ்வொரு குட்டிக்கும் இரு படிகள் சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தோற்றத்தை மட்டும் நம்பிய வளர்ப்பாளர் இதை அறியமாட்டார். வேரோடு பறித்த சில பிடரி மயிர்களை ஆய்வகத்தில் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். சில்வர் குதிரைக்குச் சில்வர் அற்ற துணையைத் தேர்ந்தால், எந்தக் குட்டிக்கும் இரு படிகள் சேராது.

உங்களுக்கு ஒரு கணக்கு: கிரீம் அற்ற செந்நிறக் குதிரையையும் கிரெமெல்லோவையும் இணைத்தால், நூறு குட்டிகளில் எத்தனை பாலோமினோ? கட்டம் போட்டுப் பாருங்கள். விடை உங்களை வியக்க வைக்கும்.