வெள்ளம் வந்தாலும் மெயில் கையில் இருக்க

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது, செல்போன் சிக்னலும் போனது. பட்டறை நடத்துபவருக்குப் பர்ச்சேஸ் ஆர்டர், டிராயிங், ஜிஎஸ்டி பில் எல்லாம் மெயிலில்தான் வருகின்றன. நெட் இல்லாத நாளில் அவற்றைத் திறக்க, வீட்டிலேயே ஒரு பிரதி இருக்க வேண்டும். லினக்ஸ் ஓடும் லேப்டாப் இருந்தால் இதற்குக் காசு செலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

1. தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளை நிறுவுங்கள். உபுண்டு, மின்ட், டெபியன் எதுவானாலும் மென்பொருள் கடையிலேயே கிடைக்கும். லினக்ஸ் மின்ட்டில் பெரும்பாலும் முன்பே இருக்கும்.

2. கணக்கைச் சேருங்கள். பெயர், மெயில் முகவரி கொடுத்ததும் சர்வர் விவரத்தை அதுவே கண்டுபிடிக்கும். 'ஐமேப்' முறையைத் தேர்ந்தெடுங்கள். 'பாப்' முறை பொதுவாக இன்பாக்ஸை மட்டுமே இறக்கும். அனுப்பிய மெயில்கள் வராது. ஜிமெயில் என்றால் கூகுளின் லாகின் பக்கம் திறக்கும், அங்கே அனுமதி கொடுங்கள். கம்பெனியின் சொந்த டொமைன் என்றால் ஐமேப் போர்ட் பொதுவாக 993.

3. முழு மெயிலையும் இறக்குங்கள். அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பகுதிக்குச் செல்லுங்கள். எல்லா ஃபோல்டர்களையும் இந்தக் கணினியில் வைக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயிலின் 'ஆல் மெயில்' ஃபோல்டர் அதே மெயில்களை இரண்டாம் முறை இறக்கும். மெயில்களை ஆர்க்கைவ் செய்யும் பழக்கம் இல்லாதவர்கள் அதை மட்டும் விலக்கிவிடலாம். முதல் தடவை பல மணி நேரம் ஆகலாம், இரவில் விட்டுவிடுங்கள்.

4. தனிப் பிரதி எடுங்கள். பலரும் தவறவிடும் படி இதுதான். ஐமேப் ஒரு கண்ணாடி போன்றது: சர்வரில் ஒரு மெயில் அழிந்தால் வீட்டிலும் அழியும். அதனால் முக்கியமான மெயில்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்குக் 'காப்பி' செய்யுங்கள். 'மூவ்' கொடுத்தால் சர்வரிலிருந்து போய்விடும்.

5. பென் டிரைவில் ஏற்றுங்கள். 'ஹெல்ப்' மெனுவில் 'டிரபுள்ஷூட்டிங்' பக்கம் திறந்தால் புரொஃபைல் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று காட்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். ஒரு மெயில் ஃபோல்டர் வழக்கமாக ஒரே பெரிய கோப்பாகவே சேமிக்கப்படுகிறது. ஃபேட்32 பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது; எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். பென் டிரைவில் இருப்பது உங்கள் வியாபாரக் கடிதங்கள். அதைப் பூட்டிய இடத்தில், தரையிலிருந்து உயரமான அலமாரியில் வையுங்கள்.

6. சோதித்துப் பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, போன வருடத்து மெயில் ஒன்றை அதன் இணைப்போடு திறந்து பாருங்கள். இணைப்பும் திறந்தால்தான் வேலை முடிந்தது.

மெயிலுக்கு ஆபத்து வெள்ளத்தால் மட்டுமல்ல: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் நீக்கலாம். அப்பா பெயரில் தொடங்கி மறந்துபோன கணக்கில் பட்டா நகலோ இன்ஷூரன்ஸ் பாலிசியோ கிடக்கலாம். இந்த வேலையை அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குங்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரில், பிரதியைப் புதுப்பித்துவிடுங்கள்.