கயலுக்கு, போஸ்டர் விஷயமாக



ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. யூனியனில் எல்லோரும் நீயே பேசு என்கிறார்கள், பத்திரிகையில் உன் படத்தைக் கேட்கிறார்கள் என்று சொன்னாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. முடிவு உன்னுடையதுதான், 26 வயசுப் பெண்ணுக்கு நான் உத்தரவு போட மாட்டேன். ஆனால், "ஒரு முகம் இல்லாமல் எந்தப் போராட்டம் ஜெயிச்சிருக்கு அத்தை, கிங் இல்லாமல் மான்ட்கோமரி உண்டா?" என்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெட்ராய்ட்டில் இத்தனை வருஷம் நூலகத்தில் அந்தப் புத்தகங்களோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

அலபாமாவின் மான்ட்கோமரியில், பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்து ரோசா பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை சாயங்காலம். அன்று ராத்திரி மார்ட்டின் லூதர் கிங்குக்கு விஷயமே தெரியாது. தெரிந்த உடனே வேலையை ஆரம்பித்தவர் ஜோ ஆன் ராபின்சன், அலபாமா ஸ்டேட் காலேஜில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். நடுராத்திரியில் காலேஜுக்குப் போய், ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் கூட வைத்துக்கொண்டு, சைக்ளோஸ்டைல் மெஷினில் விடிய விடிய நோட்டீஸ் ஓட்டினார். காகிதம் மிச்சம் பிடிக்க ஒரே தாளில் மூன்று நோட்டீஸ், அப்புறம் வெட்டி, கட்டுக் கட்டாகக் கட்டுவது. பல்லாயிரம் நோட்டீஸ். காலையில் எட்டு மணி வகுப்பையும் எடுத்துவிட்டு, கட்டுகளைக் காரில் ஏற்றி ஊர் முழுக்கச் சேர்ப்பித்தார். அந்த நோட்டீஸில் அவர் பெயர் கிடையாது. அரசாங்கக் காலேஜ், பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும். இத்தனைக்கும், பஸ்ஸைப் புறக்கணிப்போம் என்று 1954 மே மாதமே அவருடைய பெண்கள் கவுன்சில் சார்பில் மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

கிங்கைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது திங்கட்கிழமைதான். அவருக்கும் அப்போது 26 வயசு. ஊருக்குப் புதுசு, யாரோடும் பகை கிடையாது என்பது ஒரு முக்கியமான காரணம். அவர் பேச்சு எவ்வளவு பெரிய பலம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 381 நாள் ஜனங்கள் பஸ் ஏறாமல் இருந்தார்களே, அதற்குச் சுமார் 300 கார்கள் ஓடின. பெட்ரோலுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று யோசித்தாயா? ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு சமையல்காரம்மா. அவரும் சிநேகிதிகளும் வீட்டில் கோழி வறுத்து, கேக்கும் பை (pie) பலகாரமும் செய்து விற்று, வாராவாரம் கூட்டத்தில் பணத்தைக் கொண்டுவந்து கட்டினார்கள். எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று சொல்லத் தோதாக, தங்கள் குழுவுக்கே 'எங்குமில்லாதவர்கள் கிளப்' என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்துக்கொண்டார்கள். காரணம், பலர் வேலை பார்த்தது வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறையில். கில்மோர் மட்டும் 1956இல் கிங் மீதான வழக்கில் கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னார். முகம் தெரிந்தது, வேலை போனது.

அடுத்தது கிளாடெட் கால்வின். பார்க்ஸுக்கு ஒன்பது மாசம் முன்னால், மார்ச் 2ஆம் தேதி, அதே ஊரில் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்துக் கைதானவள். 15 வயசு. சின்னப் பெண், ஏழைப்பட்ட இடம், போதாததற்குக் கொஞ்ச நாளில் கர்ப்பமாகவும் ஆகிவிட்டாள். இவளை முன்னால் நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும் என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். ஆனால் கடைசியில் பஸ் சட்டத்தை உடைத்தது 'பிரவுடர் எதிர் கேல்' வழக்கு. அதில் வாதிகளாக நின்ற நான்கு பெண்களில் அவளும் ஒருத்தி. 1956 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. முகமாக ஆக்குவதற்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவள்தான் கோர்ட்டில் நின்று ஜெயித்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

முகமாக ஆன பார்க்ஸுக்கு என்ன கிடைத்தது என்று பார். போன தேங்க்ஸ்கிவிங்குக்கு நீ வந்தபோது டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு மியூசியத்துக்குப் போனோமே, அவர் கைதான, 2857 நம்பர் போட்ட அந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாயே. முன் சீட்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், "அவங்க ரொம்பக் களைப்பா இருந்தாங்களா?" என்று கேட்டான். உடம்புக் களைப்பால் உட்காரவில்லை என்று அந்தம்மாவே சொல்லிவிட்டுப் போன பிறகும், களைத்துப்போன தையல்காரி என்ற படம்தான் நிற்கிறது. அவர் 1943 முதல் கறுப்பர் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஊர்க் கிளைச் செயலாளர். பாலியல் பலாத்காரம் செய்யப்பட்ட ரெசி டெய்லருக்கு நியாயம் கேட்டு 1944இலேயே களத்தில் இறங்கியவர். அத்தனையையும் துடைத்துவிட்டு, ஊருக்குப் பிடித்த மாதிரி ஒரு சாதுவான முகத்தை மாட்டிவிட்டார்கள். தையல் வேலை போனது, வீட்டுக்காரர் வேலையும் போனது. 1957இல் இந்த டெட்ராய்ட்டுக்கு வந்து, நிலையான வேலை கிடைக்க 1965 ஆனது.

ஜனங்கள் ஆதரவு இருக்கிறது என்கிறாய். 1963இல் வாஷிங்டன் பேரணிக்கு முன்னால் காலப் நிறுவனம் கேட்டபோது, அதைக் கேள்விப்பட்டவர்களில் பத்தில் ஆறு பேர் பிடிக்கவில்லை என்றார்கள். 1966இல் கிங்கைப் பற்றிக் கெட்ட அபிப்பிராயம் சொன்னவர்கள் 63 சதவீதம். மறுவருஷம் ஏப்ரல் 4 அன்று வியட்நாம் போரை எதிர்த்துப் பேசினார், அதுவரை புகழ்ந்த பெரிய பத்திரிகைகளே தலையங்கம் எழுதித் திட்டின. அந்தப் பேச்சுக்கு முன்னாலேயே எஃப்.பி.ஐ. அவருக்கு அனுப்பிய மொட்டைக் கடிதம் வேறு. இந்த மண்ணில் பிறந்தவர், நோபல் வாங்கியவர், அவருக்கே இந்தக் கதி. நீ எஃப்-1 விசாவில் இருக்கிறாய் கயல். உன் பெயரை யாராவது கூகுளில் தட்டினால் முதலில் எந்தப் படம் வரும் என்று யோசித்துப் பார்.

நம் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள். மில் போராட்டத்தில் உன் அப்பா படத்தை வாசலில் அவ்வளவு பெரிய போஸ்டராக ஒட்டியபோது பாட்டி சந்தோஷத்தில் தெருவுக்கே கேசரி கொடுத்தாள். ஒப்பந்தம் கையெழுத்தானதும் அத்தனை பேரையும் உள்ளே எடுத்தார்கள், போஸ்டரில் இருந்தவனை மட்டும் தவிர. கூட நின்று கோஷம் போட்டவர்கள் அதற்குப் பிறகு நம் தெருப் பக்கமே வரவில்லை. பீளமேட்டு வீடு எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். அண்ணா அதைப் பற்றி வாயே திறப்பதில்லை, அதனால் நான் திறக்கிறேன். அந்த மில்லையும் அந்தச் சங்கத்தையும் என்னால் இன்று வரை மன்னிக்க முடியவில்லை.

நான் மனசில் வைத்துக் கும்பிடுகிறவர் எல்லா பேக்கர். கிங்கின் அமைப்பிலேயே உள்ளே இருந்து வேலை பார்த்தவர். ஒரே ஆளை நம்பி இயக்கம் நடத்துவது ஒற்றைக் காலில் பந்தல் போடுகிற மாதிரி என்று அவருக்குத் தெரியும். 1960 ஏப்ரலில் ராலேயில் ஷா பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கூட்டினார். பெரியவர்கள் அவர்களைத் தங்கள் அமைப்பின் இளைஞர் பிரிவாக்கப் பார்த்தபோது, பிள்ளைகள் தனியாகவே நிற்கட்டும் என்றார். அப்படிப் பிறந்ததுதான் எஸ்.என்.சி.சி. அதில் வளர்ந்த பாப் மோசஸ், தன் பெயர் இயக்கத்தைவிடப் பெரிசாகிறது என்று பட்டதும், 1965 தொடக்கத்தில் குடும்பப் பெயரையே விட்டுவிட்டு பாரிஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒதுங்கினார். வாஷிங்டன் பேரணியைக் கட்டி எழுப்பிய பேயார்ட் ரஸ்டின் ஓரினச் சேர்க்கையாளர், ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் அவருக்குத் துணைப் பதவிதான். ஆனாலும் இரண்டரை லட்சம் பேருக்கு பஸ், கழிப்பறை, குடிதண்ணீர் எல்லாம் அவர் கணக்கு. வெயிலில் கெட்டுவிடும், சாண்ட்விச்சில் மயோனைஸ் வேண்டாம் என்பது வரை பார்த்தார். (அந்த மேடையில் ஒரு பெண்ணுக்கும் முழு உரை கொடுக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை.)

முகம் வேண்டும் என்பதற்கு ஃபேனி லூ ஹேமர் இல்லையா என்பாய். 1964 ஆகஸ்ட் 22, அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாடு. அந்தம்மா டிவியில் பேசுகிறார் என்று ஜனாதிபதி ஜான்சனே அவசரமாக நிருபர் கூட்டம் கூட்டி கேமராவைத் திருப்பினார். ராத்திரிச் செய்தியில் அந்தப் பேச்சையே போட்டார்கள், நாடே பார்த்தது. சரி, அந்த முகம் வேண்டியிருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வோட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனதற்காகக் குடியிருந்த பண்ணையிலிருந்து துரத்தப்பட்டு, வினோனா ஜெயிலில் அடி வாங்கி, இழக்க இனி எதுவும் இல்லை என்ற நிலையில் பேசியவர் அவர். உனக்கு இன்னும் தீசிஸ் இருக்கிறது.

அதனால் நீயே யோசி. நான்கைந்து பேர் மாறி மாறிப் பேசட்டும், அதில் பாதிப்பேர் இங்கே பிறந்தவர்களாக இருக்கட்டும். அறிக்கையை நீ எழுது, பட்டியலை நீ வைத்துக்கொள், யார் வீட்டு வாடகைக்குத் தவிக்கிறார்கள் என்று நீ பார். படத்துக்கு ஆள் கிடைப்பார்கள். இல்லை, நான்தான் நிற்கப்போகிறேன் என்றால் முதலில் ஒரு இமிக்ரேஷன் வக்கீலைப் பார், பீஸ் நான் கொடுக்கிறேன்.

ரொம்பத் திட்டிவிட்டேனா அம்மாடி? நீ நியாயத்துக்கு நிற்கிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று மாமாவைக் கேள், இந்த வாரம் கோவிலில் பார்த்தவர்களிடமெல்லாம் உன்னைப் பற்றித்தான் பேசினேன். நீ எதை முடிவு செய்தாலும் உன் பக்கம்தான் நான். போஸ்டரில் வந்தால் அதில் ஒன்றை எனக்கு அனுப்பு, ஃப்ரிட்ஜில் ஒட்டிவைக்கிறேன். பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் பார்சல் போட்டிருக்கிறேன், வெறும் பிரெட்டைத் தின்றுகொண்டு கிடக்காதே. டிசம்பரில் வா, டிக்கெட் மாமா போடுவார். யூனியன் சிநேகிதர்கள் யாராவது ஊருக்குப் போக முடியாமல் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வா, எல்லோருக்கும் ஆப்பம் சுடுகிறேன்.

உன் அத்தை