பக் டிராக்கரை மாற்றப் போகிறீர்களா?

தங்கச்சி, உங்கள் ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டில் டிராக்கரை மாற்றலாமா என்று பேச்சு கிளம்பினால், முதலில் இப்போதைய டிராக்கரைத் திறந்து சமீபத்திய பக்குகளை ஒவ்வொன்றாகப் படி. பதில் சொல்ல ஆளில்லாமல் கிடப்பவைதான் அதிகம் என்றால், புது இடத்திலும் அப்படியேதான் கிடக்கும். உனக்கு வேண்டியது டிரையாஜ் பார்க்க, அதாவது வரும் பக்குகளைப் படித்துத் தரம்பிரிக்க, இரண்டு பேர், புது டிராக்கர் அல்ல.

மாற்றியே ஆக வேண்டிய நேரமும் வரும். 2021-இல் ஃபேப்ரிகேட்டர் என்ற டிராக்கரை உருவாக்கிய நிறுவனமே அதன் பராமரிப்பை நிறுத்தியது. பைத்தான் மொழியின் சிபைத்தான் புராஜெக்ட்டில் வேறு சிக்கல். சோர்ஸ் கோடு 2017-இலேயே கிட்ஹப்புக்குப் போய்விட்டது, பக்குகள் மட்டும் ரவுண்டப் என்ற பழைய டிராக்கரில் நின்றன. ஒரு சின்னத் திருத்தம் அனுப்ப வருகிறவருக்கும் இரண்டு இடத்தில் அக்கவுன்ட். மாறலாம் என்று 2019-இல் முடிவெடுத்தும், மாறி முடிந்தது 2022 ஏப்ரலில். ஆகவே ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

நான் அதிகம் கவலைப்படுவது பக் எண்ணைப் பற்றித்தான். பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு விநோதமான வரி ஏன் இருக்கிறது என்று கிட் பிளேமில் தேடுவாய். கமிட் மெசேஜில் வெறும் 'பக் 4521' என்று இருக்கும். அந்த லிங்க் திறக்காவிட்டால், காரணம் தெரியாமல் அந்த வரியை யாரோ ஒருநாள் அழித்துவிடுவார்கள். கிட்ஹப்பில் இஷ்யூவுக்கும் புல் ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரே எண்வரிசை என்பதால், ஏற்கெனவே புல் ரிக்வெஸ்ட்டுகள் உள்ள ரெப்போவில் பழைய எண்களை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. விக்கிமீடியா 2014-இல் பக்ஜில்லா என்ற டிராக்கரிலிருந்து ஃபேப்ரிகேட்டருக்குப் போனபோது பழைய எண்ணோடு 2000-ஐக் கூட்டிவிட்டார்கள். பக் 12345 என்பது டி14345 ஆனது. யாரும் மனக்கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம். எத்தனை அக்கறையான ஏற்பாடு! உன்னால் அப்படி முடியாவிட்டால், பழைய தளத்தை ரீட்-ஒன்லியாக வைத்து, ஒவ்வொரு பக்கிலிருந்தும் புது லிங்க்குக்கு ரீடைரக்ட் கொடு. அதன் சர்வர் செலவை யார் ஏற்பது என்பதையும் இப்போதே பேசிவிடு.

எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றில்லை. கேடிஈ புராஜெக்ட் 2020-இல் தன் சோர்ஸ் கோடை கிட்லேபுக்குக் கொண்டுபோனது, பக்குகளை பக்ஜில்லாவிலேயே விட்டது.

மாறுவதென்று முடிவானால், யாரும் பார்க்காத ஒரு டெஸ்ட் ரெப்போவில் முதலில் இம்போர்ட் செய்து பார். நீளமான பக் ஒன்றைத் திறந்து ஸ்கிரீன்ஷாட்டும் பேட்ச் ஃபைலும் வந்திருக்கின்றனவா என்று கவனி. கமென்ட் எல்லாம் ஒரே பாட் பெயரில் வந்திருந்தால், பக்கைச் சொன்னவர்களுக்குச் சேதி சரியாகப் போகாது. அவர்களைப் புது அக்கவுன்ட்டோடு இணைக்க வழி இருக்கிறதா என்று கேள்.

பாதுகாப்பு பக்குகளை இந்த இம்போர்ட்டில் சேர்க்கவே சேர்க்காதே. அவற்றைத் தனியாக, பார்க்க உரிமை உள்ளவர்கள் மட்டும் கையால் மாற்றட்டும். பொது ரெப்போவில் ஒருமுறை ஏறி, நோட்டிஃபிகேஷன் மெயிலும் போய்விட்டால், இஷ்யூவை அழித்தாலும் மெயிலைத் திரும்ப வாங்க முடியாது.