தீபாவளிச் சட்டை போல வாங்கக் கூடாத சீட்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கோ செஞ்சிக்கோ குழந்தையோடு கிளம்பும் காரில் பெரும்பாலும் அம்மா மடிதான் சீட். மோதலின்போது குழந்தை தன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு முன்னே பாயும். எந்தக் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. 14 வயதுக்கு உட்பட்டவர்களைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் சொல்கிறது.

செய்ய வேண்டியவை

• வயதை விடுங்கள், எடையையும் உயரத்தையும் பாருங்கள். அங்கன்வாடியில் மாதாமாதம் போடும் எடையே போதும்.

• கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த சீட்தான். தலை கனம், கழுத்து இளசு. மோதினால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சீட்டே சேர்த்துத் தாங்கும். ஐரோப்பாவின் புதிய விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை திருப்பக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களோ சீட்டின் எடை, உயர வரம்பு முடியும்வரை திருப்பாதீர்கள் என்கிறார்கள். "கால் மடங்குதே" என்று பாட்டி சொல்வார். மடங்கட்டும்.

• அடுத்து முன்பக்கம் பார்த்த, ஐந்து வார் கொண்ட சீட். பெரும்பாலும் 18 கிலோ வரை. பிறகு பூஸ்டர், அதாவது கார் பெல்ட் சரியாகப் பதியும்படி குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட். அதில் இடுப்பு வார் வயிற்றில் ஏறாமல் தொடைக்கு மேல் பதிய வேண்டும். தோள் வார் கழுத்தை உரசக் கூடாது. சுமார் 145 செ.மீ. உயரம் வந்தபின் பூஸ்டர் வேண்டாம்.

• பின்சீட்டில் குழந்தை சீட்டைக் காரோடு பிணைக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். சீட் கவர் போடுகிறவர்கள் கொக்கியையும் பெல்ட் பூட்டையும் சேர்த்து மூடிவிடுவதுண்டு. வாடகைக் காரில் ஏறுமுன்னும் இவை மூடாமல் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

• சீட்டில் ஏஐஎஸ்-072 அல்லது ஆர்44, ஆர்129 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

• "வளர்ற புள்ள, ரெண்டு வருஷத்துக்கு ஆகட்டும்" என்று தீபாவளிச் சட்டை மாதிரிப் பெரிதாக எடுக்காதீர்கள். தொளதொளத்த வாருக்கடியில் குழந்தை நழுவிவிடும். தோளருகே வாரை விரலால் கிள்ளினால் மடிப்பு வரக் கூடாது.

• ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் பின்பக்கம் பார்த்த சீட்டை வைக்கவே வைக்காதீர்கள். ஏர்பேக் விரிந்தால் அது நேராகச் சீட்டின் முதுகில், குழந்தையின் தலைக்குப் பின்னால் அறையும்.

• மார்கழிக் குளிருக்குத் தடித்த ஸ்வெட்டர் போட்டு வார் மாட்டாதீர்கள். மாட்டியபின் மேலே போர்த்துங்கள்.

• விபத்தில் அடிபட்ட சீட்டோ, கதை தெரியாத பழைய சீட்டோ வேண்டாம். அக்கா வீட்டுச் சீட் பரவாயில்லை, அதில் அச்சிட்ட காலாவதித் தேதி தாண்டாதிருந்தால்.

• சென்னைப் பயணம் முழுக்கக் கைக்குழந்தையைச் சீட்டிலேயே தூங்கவிடாதீர்கள். திண்டிவனத்தில் நிறுத்தி வெளியே எடுங்கள்.

• வெயிலில் நின்ற காரில் வாரின் பூட்டைத் தொட்டுப் பார்க்காமல் மாட்டாதீர்கள். உலோகம் தோலைச் சுட்டுவிடும்.

பைக் வீடுகளுக்கும் விதி உண்டு. 9 மாதம் முதல் 4 வயது வரை, ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்பு வார், குழந்தைக்கான ஹெல்மெட், வேகம் 40 கி.மீ.க்குள். 2023 பிப்ரவரியிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.