விலையுயர்ந்த ஒயரால் பாட்டு இனிக்குமா?

இசையை விரும்பாதவர் யார்? சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, வீட்டுக்கு ஓர் ஆம்ப்ளிபையரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கும் குடும்பங்கள் பல. அவற்றோடு, "இந்தத் தடித்த பவர் கார்டைப் போட்டால் ஒலி தெளிவாகும்" என்று சொல்லி ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஒயர் விற்பவர்களும் உண்டு. பெற்றோர் பாடுபட்டுச் சேர்த்த பணத்தை அதில் போடலாமா? பத்தாம் வகுப்பில் நாம் படிக்கும் ஓம் விதியே இதற்கு விடை சொல்லும்.

நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஆம்ப்ளிபையர் 100 வாட் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். 100ஐ 230ஆல் வகுத்தால், பாயும் மின்னோட்டம் சுமார் 0.43 ஆம்பியர். சாதாரண 0.75 சதுர மி.மீ. செம்புக் கம்பி கொண்ட ஒன்றரை மீட்டர் பவர் கார்டின் மின்தடை, போக வர இரு கம்பிகளுக்கும் சேர்த்து, சுமார் 0.07 ஓம். இரண்டையும் பெருக்கினால், அதில் இழக்கும் மின்னழுத்தம் 0.03 வோல்ட் மட்டுமே! கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பை இருமடங்காக்கினால் மிச்சமாவது 0.015 வோல்ட். 230 வோல்ட்டில் இது எம்மாத்திரம்?

மேலும், பாட்டு பவர் கார்டின் வழியே வருவதில்லை. அதில் வருவது வெறும் மின்சாரமே. ஆம்ப்ளிபையரின் உள்ளே மின்மாற்றி அதன் அழுத்தத்தைக் குறைக்கிறது; டையோடுகள் அதை நேர்மின்னோட்டமாக மாற்றுகின்றன; மின்தேக்கிகள் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கின்றன. விறகு கொண்டுவரும் வண்டி அழகாக இருந்தால் சாம்பார் மணக்குமா?

அப்படியானால் எந்தக் கார்டும் போதுமா? போதாது, தோழியரே! ஒலிக்காக அன்று, உயிருக்காகவே நாம் கவனமாக இருக்க வேண்டும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவை:

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். கம்பி செம்பாக இருக்க வேண்டும். கடையில் "0.75 ஸ்கொயர்" என்று கேட்டு வாங்கலாம்.

2. மூன்று முள் பிளக் உள்ள கருவிக்கு மூன்று கம்பிக் கார்டே வேண்டும். பச்சை, அல்லது பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பிதான் எர்த். கருவியின் இரும்புப் பெட்டியில் மின்சாரம் கசிந்தால், அதை நிலத்துக்குக் கடத்தி நம்மைக் காப்பது அதுவே. சதுரத்துக்குள் சதுரம் பொறித்த கருவிகள் இரட்டைக் காப்பு உடையவை. அவற்றுக்கு எர்த் தேவையில்லை.

3. பிளக் ஆடாமல் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். தளர்ந்த பிளக் சூடேறும், தீப்பொறி பறக்கும். ஒயரை ஒட்டுப் போட்டு டேப் சுற்றிப் பயன்படுத்தலாகாது.

4. 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1380 வாட். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் 500 வாட் மிக்ஸியையும் செருகினாலே அளவு மீறிவிடும். அதில் ஆம்ப்ளிபையரையும் சேர்க்கலாமா?

சில வீடுகளில் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் கேட்கும். அதை நிறுத்த எர்த் முள்ளை உடைத்துவிடுபவர்கள் உண்டு. இது பேராபத்து! இரு கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் பெறுவதாலும் இவ்விரைச்சல் எழும். எல்லாக் கருவிகளையும் ஒரே சுவிட்சுப் பலகையில் இணைத்தால் பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் மின்பணியாளரை அழைப்பதே அறிவுடைமை.

பாட்டு உண்மையில் பயணம் செய்வது ஸ்பீக்கர் ஒயரில்தான். ஸ்பீக்கரின் மின்தடை பெரும்பாலும் 4 அல்லது 8 ஓம் என்பதால், அங்கே மெல்லிய நீண்ட கம்பி சற்று இழப்பைத் தரும். நல்ல செம்பு ஒயரை அளவான நீளத்தில் போட்டாலே போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிட்டால் காதுக்குப் பலன் கிட்டும். வீட்டில் எர்த் சரியாக உள்ளதா என்று சோதிக்கச் செலவிட்டால் உயிருக்கே காவல் கிட்டும்.

ஆகவே தோழியரே, கடைக்காரர் விலை சொல்லும் முன் நாம் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் கற்கும் அறிவியல், தேர்வுக்கு மட்டுமன்றி வீட்டுக்கும் பயன்படட்டும்!