கடற்காவலும் நம் பிள்ளைகளும்

மண்ணை நம்பி வாழ்ந்தவர்கள் நாம். இடம்பெயர்ந்து அன்புவழிபுரம் போன்ற ஊர்களில் குடியேறியபின், செய்கைக்குக் காணி இல்லாததால் நம் இளைஞர் சிலர் கூலிக்குக் கடலுக்குப் போகின்றனர். ஆகவே கடலில் நடப்பதை நாமும் அறிந்திருத்தல் நன்று.

பன்றிக் காவலை எண்ணிப் பார்ப்போம். நம் வயலில் மட்டும் விழித்திருந்தால் பன்றி அடுத்த வயலால் இறங்கும். அயலவரும் குரல் கொடுத்தால்தான் பயிர் தப்பும். போதைப்பொருட் கடத்தலைத் தடுப்பதும் இப்படித்தான். ஈரான், பாகிஸ்தான் நாடுகளின் மக்ரான் கரையிலிருந்து வரும் பொதிகள் நடுக்கடலில் பலநாள் மீன்பிடிக் கலங்களுக்கு மாற்றப்படுகின்றன. அங்கே ஒரு நாட்டுக் கலத்தில் மற்ற நாட்டுப் படை ஏறிச் சோதிப்பதற்குக் கலத்தின் கொடிக்குரிய நாடு சம்மதிக்க வேண்டும். 1988 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை இதற்கு வழி வகுத்தது.

இந்திய, இலங்கைக் கடற்படைகளின் ‘சிலினெக்ஸ்’ கூட்டுப் பயிற்சி 2005 இல் தொடங்கியது. 2015, 2018, 2020 ஆம் ஆண்டுகளில் அது நம் திருகோணமலைக் கடலிலேயே நடந்தது.

இத்தகைய ஒத்துழைப்பின் பயன் 2024 நவம்பரில் தெரிந்தது. இலங்கைக் கடற்படை தகவல் கொடுத்தது. இந்தியக் கடற்படை விமானங்களால் தேடி, அரபிக் கடலில் இலங்கைக் கொடியுடன் சென்ற இரண்டு மீன்பிடிக் கலங்களை மறித்தது. ஏறக்குறைய 500 கிலோ ‘ஐஸ்’ பிடிபட்டது. கலங்களும் அவற்றில் இருந்தோரும் இலங்கையிடம் ஒப்படைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிப்போம். கடலில் அகப்படுபவர் கலத்தில் நிற்பவர். பணம் போட்ட முதலாளி கரையில் இருக்கிறார். 2022 இல் திருத்தப்பட்ட சட்டப்படி 5 கிராம் ‘ஐஸ்’ வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்கப்படலாம். பொதியில் என்ன இருந்ததென்று தெரியாது என்று சொல்லும் கூலியாளும் மறியலில் இருந்தே வழக்கைச் சந்திக்க நேரும். எத்தனை கப்பல்கள் காவல் நின்றாலும், வறுமையும் கடனும் உள்ள வீட்டில் கடத்தல்காரனுக்கு ஆள் கிடைக்கும்.

எனவே பிள்ளை கடலுக்குப் போகுமுன் கலத்தின் பதிவு இலக்கம், உரிமையாளர் பெயர், போகும் நாட்கள், சம்பளம் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைப்போம். வழமைக்கு மிஞ்சிய முற்பணம் தந்தால் ஏனென்று கேட்போம்.

கூடிச் சிந்திக்க:
1. நம் ஊர் இளைஞர் கடலுக்குப் போகும் காரணங்கள் எவை?
2. கடனுக்காக ஒருவர் ஆபத்தான வேலைக்குப் போகாதிருக்க, நம் சங்கம் என்ன உதவி செய்யலாம்?